நடுங்கும் கைக்கு ஒரு மூங்கில் பொடி டப்பா

மூக்குப்பொடி காற்றுப் பட்டால் காய்ந்து காரம் இழக்கும். ஈரம் பட்டால் கட்டிப்போகும். பக்கத்தில் சூடமோ சோப்போ இருந்தால் அந்த வாடையை வாங்கிக்கொள்ளும். புகையிலையை வறுத்து இடித்து, சுண்ணாம்பும் நெய்யும் சேர்த்துச் செய்யும் நம் ஊர்ப் பொடிக்கு இந்தக் குணங்கள் கூடுதலாகவே உண்டு. அதிலுள்ள நெய் வாடையைப் பிடித்துவைக்கும், நாள்பட்டால் காறலும் எடுக்கும். ஆகவே பொடி டப்பாவுக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன. உள்ளே இருப்பதைக் காக்க வேண்டும். கேட்கும்போது கேட்ட அளவை மட்டும் வெளியே விட வேண்டும். கடையில் விற்கும் டப்பாக்கள் முதல் வேலையை ஓரளவு செய்துவிடுகின்றன. இரண்டாவது வேலையை அவை பொடி போடுகிறவரின் விரல்களிடமே விட்டுவிடுகின்றன. அந்த விரல்கள் நடுங்கத் தொடங்கிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் நாங்கள் கண்ட விடையை, இதே நிலையில் பெரியவர்களை வைத்திருக்கும் வீடுகளுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் வீடு கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போச்சம்பள்ளிப் பக்கம் இருக்கிறது. எண்பது வயதைக் கடந்த எங்கள் ஆயா (பாட்டி), இளம் வயதில் களை எடுக்கப் போன இடத்தில் பழகிக்கொண்ட பொடியை இன்றுவரை விடவில்லை. சில ஆண்டுகளாக அவருக்குக் கை நடுக்கம் இருக்கிறது, பார்வையும் மங்கிவிட்டது. டப்பாவைத் திறந்து இரண்டு விரலை உள்ளே விட்டு ஒரு சிட்டிகை எடுப்பதற்குள் பாதிப் பொடி மடியிலும், மீதியில் கொஞ்சம் பாயிலும் விழும். திண்ணையில் காற்றடித்தால் அது அவர் கண்ணுக்குள்ளேயே போய் எரிச்சல் கொடுக்கும். அதைவிடப் பெரிய கவலை, அந்தப் பாயில் தவழ்ந்து விளையாடும் என் அண்ணன் குழந்தை. புகையிலையில் இருக்கும் நிகோட்டின் சிறு குழந்தைகளுக்கு விஷம். தரையில் சிந்தியதைத் தொட்டு வாயில் வைத்தாலே வாந்தியும் மயக்கமும் வரக்கூடும். டப்பாவைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியது அந்தக் குழந்தையை நினைத்துத்தான்.

பொடியை நல்ல பழக்கம் என்று நான் சொல்லவரவில்லை. புகையில்லாப் புகையிலை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. மூக்கின் வழியாக இழுக்கும் பொடியும் அந்த வகையில் சேர்ந்ததுதான். விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருக்கிறது. ஆயாவிடமும் இதையெல்லாம் சொல்லியிருக்கிறோம். அறுபது ஆண்டுக்கு மேலான பழக்கத்தை இந்த வயதில் ஒரே நாளில் நிறுத்தச் சொல்லி அவரோடு மல்லுக்கு நிற்க எங்களுக்கு மனம் வரவில்லை. சிந்தாமல் இருக்கட்டும், குழந்தையின் கைக்கு எட்டாமல் இருக்கட்டும், முடிந்தால் அளவு குறையட்டும் என்ற மூன்று எண்ணங்களோடுதான் வேலையில் இறங்கினோம்.

முதலில் வீட்டில் இருந்த பாத்திரங்களைப் பார்த்தோம். வாழைத் தண்டின் பட்டையைக் காயவைத்து மடித்துச் செய்யும் பொடி மட்டை, பொடியைப் பதமாக வைத்திருப்பதில் இன்றும் இணையில்லாதது. அது ஈரத்தை முழுவதும் விடாது, முழுவதும் அடைத்தும் வைக்காது. ஆனால் பிரித்து மடித்து இரண்டு வாரம் புழங்கினால் மடிப்பில் கிழிந்துவிடும். பித்தளைச் சம்புடம் பார்க்க அழகாக இருக்கும், மூடியும் இறுக்கமாக உட்காரும். மழைக்காலத்தில் உள்ளே ஈயம் பூசாத இடங்களில் பச்சையாகக் களிம்பு பிடித்தால் அதைப் பொடியோடு சேர்த்து மூக்கில் ஏற்ற முடியாது. பிளாஸ்டிக் டப்பாவில் முன்பு இருந்த பொருளின் வாடை எத்தனை முறை கழுவினாலும் போவதில்லை. திருநீறு வைக்கும் வில்வ ஓட்டுக் குடுக்கையை ஆயாவே எடுத்துக் கொடுத்தார். ஓடு கெட்டியானது, வாடை பிடிக்காது. ஆனாலும் அதன் வாய் ஒழுங்கான வட்டமாக இல்லாததால் அளந்து கொடுக்கும் அமைப்பு எதையும் அதில் பொருத்த வழியில்லை. அத்தோடு, சாமிக்கு வைத்த பொருளில் புகையிலையை வைக்க எனக்கும் விருப்பமில்லை.

கடைசியில் மூங்கிலுக்கு வந்தோம். நம் மாவட்டங்களின் வறண்ட காடுகளில், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கங்களில், இயல்பாக வளர்வது கல்மூங்கில். அதன் சுவர் தடிமனாக இருக்கும், உள்துளை சிறிதாக இருக்கும், சில கழிகளில் அடிப்பகுதி துளையே இல்லாமல் கெட்டியாகவும் இருக்கும். ஏணிக்கும் தடிக்கும் அந்தக் கெட்டிப் பகுதி போகும். டப்பாவுக்கு நடுப்பகுதி வேண்டும். காப்புக்காட்டில் மூங்கில் வெட்டுவது குற்றம் என்பதால் அந்தப் பக்கமே போக வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தில் செய்த திருத்தத்துக்குப் பிறகு, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் அந்தச் சட்டத்தின் கணக்கில் மரமாகக் கொள்ளப்படுவதில்லை. பட்டா நிலத்து மூங்கில் கூடை முடைபவர்களிடம் விலைக்குக் கிடைக்கிறது. போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் கூடையும் முறமும் விற்கும் ஒரு பெரியவரிடம் கேட்டேன். நான் எடுத்த கழியை அவர் வாங்கிச் சுண்டிப் பார்த்து, "இது போன மழைக்கு முன்னால வெட்டுனது, மாவு இருக்கும், உளுத்துப் போகும், மார்கழிக்கு மேல வெட்டுனதா எடுத்துட்டுப் போங்க" என்றார். மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்தைத் தின்னத்தான் துளைக்கும் வண்டு வருகிறது. குருத்து விடும் மழைக்காலத்துக்குப் பிறகு, குளிர்காலத்தில் வெட்டிய கழியில் அந்தத் தொல்லை குறைவு. ஒரே கழியில் பல கணுக்கள் கிடைக்கும் என்பதால் சற்று நீளமாகவே வாங்கிக்கொள்வது நல்லது.

பச்சைக் கழியை அப்படியே அறுத்து டப்பா செய்தால் காயும்போது நீளவாக்கில் வெடித்துவிடும். தேவையைவிட இரண்டு அங்குலம் கூடுதலாக அறுத்து, கொதிக்கும் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு எடுத்து, நிழலில் குறைந்தது ஒரு மாதம் காயவைக்க வேண்டும். கொதிநீர் மாவுச்சத்தின் ஒரு பகுதியைக் கரைத்துவிடும், உள்ளே புழு இருந்தால் கொன்றுவிடும். வெயிலில் காயவைக்கும் அவசரம் மட்டும் கூடாது. சித்திரை வெயிலில் ஒரே பிற்பகலில் மயிரிழை விரிசல் விழுந்துவிடும். அந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் இருந்து, டப்பா முடிந்த பிறகு பொடியைக் கசியவிடும். காய்ந்த துண்டின் ஒரு முனையை விரலால் அடைத்து மறுமுனையில் வாயை வைத்து ஊதிப் பார்த்தால் விரிசல் இருப்பது காதுக்குத் தெரிந்துவிடும்.

நாங்கள் எடுத்துக்கொண்ட துண்டு நான்கு அங்குல நீளம். உள்துளை முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல். அடிப்பக்கத்தில் கணு இருக்கும்படி அறுத்தால் அதுவே அடித்தட்டாகிவிடும், தனியாக எதையும் ஒட்ட வேண்டியதில்லை. மூங்கிலின் உட்புறத்தில் காகிதம் போன்ற ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். அதை விட்டுவைத்தால் செதில் செதிலாக உதிர்ந்து பொடியோடு மூக்குக்குப் போகும். ஒரு குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி உள்ளே விட்டு, சவ்வு முழுவதும் போய் மஞ்சள் நிறச் சுவர் தெரியும்வரை தேய்க்க வேண்டும். பிறகு தேன்மெழுகை உருக்கி ஊற்றி, டப்பாவைச் சுழற்றி, மிச்சத்தை உடனே கவிழ்த்துவிட்டால் உட்சுவரில் மெல்லிய பூச்சு படியும். வார்னிஷும் பெயின்டும் எவ்வளவு காய்ந்தாலும் அவற்றின் வாடையைப் பொடி இழுத்துக்கொள்ளும். அவற்றை வெளிப்புறத்தில்கூட நான் பயன்படுத்தவில்லை.

இனி, டப்பாவின் வாயை அடைத்து நின்று பொடியை அளந்து விடும் அடைப்பான். இதில்தான் வேலையின் முக்கால் பங்கு இருக்கிறது. கிருஷ்ணகிரியில் எங்கு பார்த்தாலும் மாமரம் என்பதால் மாங்கட்டைதான் முதலில் கைக்குக் கிடைக்கும். ஆனால் அது மிருதுவானது, இந்த நுணுக்கமான வேலைக்குத் தாங்காது. வேம்புக்குக் கசப்பு வாடை உண்டு. கொய்யாக் கிளை இதற்கு மிகவும் ஏற்றது: நெருக்கமான நார், எளிதில் பிளக்காது, காய்ந்த பிறகு வாடையே இல்லை. பம்பரம் கடைகிறவர்கள் அதைத் தேடுவதற்கும் அந்த உறுதிதான் காரணம். ஒன்றரை அங்குலத் தடிமனில் நன்றாகக் காய்ந்த கிளைத் துண்டு ஒன்றை, ஏறக்குறைய மூன்று அங்குல நீளத்துக்கு அறுத்து மூன்று பகுதிகளாகச் செதுக்கினோம். முதல் ஒரு அங்குலம் மூங்கிலுக்குள் நுழையும் கழுத்து. நடுப்பகுதி தடிமனாக வெளியே நிற்கும். கடைசி அரை அங்குலம் சின்ன உதடு. முனைக்கு முனை ஆறு மில்லிமீட்டரில் ஒரே நேரான துளையை எங்கள் ஊர் ஆசாரி தம் துளைப்பான் இயந்திரத்தில் போட்டுக் கொடுத்தார். இரும்புக் கம்பியைக் காய்ச்சியும் துளை போடலாம், ஆனால் கருகிய பகுதி முழுவதையும் சுரண்டி எடுக்காவிட்டால் கரி வாடை பொடியில் ஏறிவிடும். மூங்கிலுக்குள் இருக்கும் முனையில் துளையைப் புனல் போல அகலப்படுத்த வேண்டும்.

நடுப்பகுதியில், இந்த நேர்த்துளைக்குக் குறுக்காக இன்னொரு துளை. அதில் ஒரு முளை வரும். வீணையில் தந்தியை முறுக்கும் பிரடை எப்படி ஒரு முனையில் தடித்து மறுமுனையில் மெலிந்து, திருகத் திருக இறுகி நிற்கிறதோ, அதே அமைப்புத்தான் இந்த முளைக்கும். நேர்த்துளையைக் கடக்கும் இடத்தில் முளையின் தடிமன் பதினோரு மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அப்போதுதான் ஆறு மில்லிமீட்டர் துளையை அது முழுவதுமாக மறைத்து நிற்கும். அந்த இடத்தில் முளையின் ஒரு பக்கத்தில் மட்டும், துவரம்பருப்பு ஒன்று உட்காரும் அளவுக்கு ஒரு குழி குடைய வேண்டும். மறுபக்கத்தைத் துளைத்துக்கொண்டு போய்விடாமல் ஆழத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இது வேலை செய்யும் விதம் எளிமையானது. டப்பாவைத் தலைகீழாகப் பிடித்தால் பொடி புனல் வழியாக இறங்கி முளையின் மேல் வந்து நிற்கும். குழி உள்பக்கம் பார்த்திருந்தால் அது நிரம்பும். முளையை அரை வட்டம் திருகினால் குழி வெளிப்பக்கம் திரும்பி, அதிலிருந்த பொடி மட்டும் உதட்டின் வழியாகக் கீழே விழும். அந்த நேரத்தில் முளையின் மறுபக்கம் வழியை அடைத்து நிற்பதால் உள்ளிருக்கும் பொடி வராது. ஒரு கை டப்பாவைப் பிடிக்கவும் மறு கை முளையைத் திருகவும் போய்விட்டால் விழுவதை ஏந்துவது எது என்ற கேள்வி வரும். அதற்காக அதே கழியின் இன்னொரு கணுவிலிருந்து ஒரு அங்குல ஆழத்தில் ஒரு சிறிய கிண்ணம் அறுத்து, அது உதட்டின் மேல் இறுக்கமாக உட்காரும்படி செய்தோம். சாதாரண நேரத்தில் அது மூடி. டப்பாவைக் கவிழ்க்கும்போது கிண்ணம். திருகி முடித்ததும், டப்பாவை நிமிர்த்தாமல் கிண்ணத்தைக் கீழ்நோக்கி உருவினால் ஒரு சிட்டிகைப் பொடி அதன் அடியில் இருக்கும். காற்றிலும் பறக்காது. கை நடுங்கினாலும் சிந்தக்கூடியது அந்த ஒரு சிட்டிகைதான்.

சரிவான துளையைச் செதுக்கத் தனிக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. முளையைச் செதுக்கி முடித்த பிறகு அதே சரிவில் இன்னொரு குச்சியைச் செதுக்கி, அதன் மேல் உப்புத்தாளைச் சுற்றி, குறுக்குத் துளைக்குள் விட்டுத் திருகித் திருகித் தேய்த்தால் துளைக்கும் அதே சரிவு வந்துவிடும். பிறகு முளையின் மேல் பென்சில் கரியைப் பூசி உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்துப் பார்த்தால், எங்கெல்லாம் உராய்கிறதோ அங்கே கரி மழுங்கிப் பளபளப்பாகத் தெரியும். அந்த இடங்களை மட்டும் தேய்த்துக் குறைத்து, கரியின் மழுக்கம் முளை முழுவதும் ஒரே சீராக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பொறுமை வேண்டிய கட்டம் இது. இங்கே அவசரப்பட்டால் மீதி எல்லாம் வீண். கரியைத் துடைத்துவிட்டு, முளையைச் சற்றுச் சூடாக்கித் தேன்மெழுகை மிக மெல்லியதாகத் தடவித் துணியால் துடைத்துப் பொருத்தினால், ஓசையில்லாமல் வழுக்கித் திரும்பும், காற்றும் புகாது. குழிக்குள் மட்டும் மெழுகு தங்கக் கூடாது. தங்கினால் பொடி அதில் ஒட்டிக்கொண்டு கீழே விழ மறுக்கும்.

முளையின் தலையைத் தட்டையாக, இரண்டு விரலுக்கு நல்ல பிடி கிடைக்கும் அகலத்தில் வைத்தோம். ஆயாவுக்குக் கண் சரியாகத் தெரியாததால், குழி இருக்கும் பக்கத்தில் தலையின் விளிம்பில் அரத்தால் ஒரு வெட்டுப் போட்டேன். விரலால் தடவினாலே குழி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. வைக்கும்போது வெட்டு பக்கவாட்டில் இருக்க வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்த விதி.

நெய் கலந்த பொடிக்கு இன்னொரு குணம் உண்டு. புனலின் வாயில் கட்டிப்பட்டு வளைவாக நின்றுகொண்டு, கவிழ்த்தாலும் கீழே இறங்காது. இதற்கு ஒரு புளியங்கொட்டை போதும். நன்றாகக் கழுவிக் காயவைத்த ஒரே ஒரு புளியங்கொட்டையை டப்பாவுக்குள் போட்டு, கவிழ்க்கும் முன் இரண்டு முறை குலுக்கினால் கட்டி உடைந்துவிடும். கொட்டை துளையைவிடப் பெரிது என்பதால் வெளியே வராது. இந்த வேலைக்குச் சிலர் குன்றிமணியைச் சொல்வார்கள். அதை ஒருபோதும் போடாதீர்கள். அதன் பருப்பு கொடிய நஞ்சு. ஓடு உடைந்து தூளானால் அது பொடியோடு கலந்து உடம்புக்குள் போகும்.

டப்பாவை முடித்துப் பொருத்தும் காலத்துக்கும் கவனம் வேண்டும். நம் பக்கத்தில் பங்குனி, சித்திரையில் காற்று எலும்புவரை காய்ந்திருக்கும், ஐப்பசியில் உப்பு நீர்த்துப்போகும் அளவுக்கு ஈரமாக இருக்கும். மரம் அதற்கேற்ப விரியும், சுருங்கும். வறண்ட காலத்தில் இறுக்கமாகப் பொருத்திய முளை மழையில் திரும்பவே திரும்பாது. மழையில் பொருத்தியது கோடையில் ஆடும். முளையைச் சரிவாகச் செய்வதன் அருமை அப்போதுதான் தெரியும். ஆடினால் நெல்லளவு உள்ளே தள்ளினால் போதும், இறுகினால் நெல்லளவு வெளியே இழுத்தால் போதும். அப்படி நகர்வதால் குழி நேர்த்துளையைவிட்டு விலகிவிடாமலிருக்க, குழியை முளையின் நீளவாக்கில் சற்று நீள்வட்டமாகக் குடைவது நல்லது. அடைப்பானின் கழுத்துக்கும் மூங்கிலுக்கும் இடையே மெழுகு தடவிய பருத்தி நூலைச் சுற்றியிருக்கிறோம்; பொடி நிரப்ப அதைத்தான் திருகிக் கழற்ற வேண்டும். பெரியவர்கள் சற்றுப் பலம் கொடுத்தால் கழலும், குழந்தையால் முடியாது.

அளவு குறைப்பது பற்றிச் சொல்ல வேண்டும். விரலால் எடுக்கும்போது ஒரு சிட்டிகை என்பது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு. மனம் சரியில்லாத நாளில் அது தானாகப் பெரிதாகும். குழி அளக்கத் தொடங்கியதும் ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று எண்ண முடிந்தது. அடைப்பானுக்குப் பொருந்தும்படி இரண்டாவது முளை ஒன்றையும் செய்து, அதில் குழியை உளுந்து அளவுக்குக் குடைந்தேன். ஆயாவுக்குத் தெரியாமல் மாற்றிவைக்கலாம் என்று வீட்டில் யோசனை வந்தது. எனக்கு அது சரியென்று படவில்லை. இரண்டையும் அவர் கையில் கொடுத்து, எது எதற்கு என்று சொன்னேன். தடவிப் பார்த்தவர், "பகல்ல சின்னதுல போட்டுக்கறேன் கண்ணு, விடியக்காலம் மட்டும் பெருசு இருக்கட்டும்" என்றார். அவரே முளையை மாற்றிக்கொள்கிறார். வாரத்துக்கு வாங்கும் பொடி முன்பைவிடக் கண்கூடாகக் குறைந்திருக்கிறது. சிந்துவது நின்றதில் ஒரு பங்கும் சின்னக் குழியில் ஒரு பங்கும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கடையில் விற்கும் பொடி உறையில் சட்டப்படியான எச்சரிக்கை இருக்கும். வீட்டில் செய்த டப்பாவில் அது இருக்காது. பார்ப்பதற்கு இது ஒரு விளையாட்டுச் சாமான் போலவே இருப்பதால், வெளிப்புறத்தில் சூட்டுக் கம்பியால் "புகையிலை" என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். ஆயா அதைச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொள்கிறார். இரவில் உத்தரத்து ஆணியில் மாட்டுகிறோம்.

ஒரு வாரத்துக்கு வேண்டிய பொடியை மட்டுமே நிரப்ப வேண்டும். பழையதன் மேல் புதியதைக் கொட்டினால் அடியில் தங்கிய பொடியின் காறல் மேலேயும் பரவும். ஆகையால் ஒவ்வொரு முறையும் தட்டிக் காலி செய்து, உலர்ந்த துணியைக் குச்சியில் சுற்றித் துடைத்துவிட்டு நிரப்புகிறோம். தண்ணீர் படவே கூடாது. மாதம் ஒருமுறை முளையை உருவி, குழியில் ஒட்டியிருப்பதை ஈர்க்குச்சியால் சுரண்டி, மெழுகைப் புதுப்பிக்க வேண்டும். புளியங்கொட்டையின் மேல்தோல் தேய்ந்து உரியத் தொடங்கினால் வேறு கொட்டை போட்டுவிட வேண்டும். இதே அமைப்பைப் பற்பொடிக்கோ திருநீற்றுக்கோ செய்ய நினைப்பவர்கள் முளையை இன்னும் நெருக்கமாகப் பொருத்த வேண்டியிருக்கும். அவற்றில் நெய்ப்பசை இல்லாததால் மயிரிழை இடைவெளி இருந்தாலும் கசிந்துவிடும். அவற்றுக்குப் புளியங்கொட்டையும் தேவையில்லை.